சிங்கத்துக்கு வந்தால்தான் காய்ச்சல்

தாம்பரம், வண்டலூர், பல்லாவரம், மேடவாக்கம் வட்டாரத்துக்கு இனி வரவிருக்கும் வைரஸ்களின் மேலான கவனத்துக்கு.

விமானத்தில் வந்து மீனம்பாக்கத்தில் இறங்கினாலும், லாரியில் ஏறி ஜி.எஸ்.டி. சாலை வழியாக வந்தாலும், எங்கள் தும்மலிலேயே தொற்றிக்கொண்டு வந்தாலும் தங்கள் வரவு நல்வரவாகுக. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது வழி சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். தங்களுக்குக் காது கிடையாது என்று தெரியும். கூச்சப்பட வேண்டாம், விலங்கு நோய் என்றால் எங்களுக்கும் கிடையாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எங்கள் ஊரில் நோய்க்கென்று தனி மதிப்பு இல்லை. தாங்கள் எவ்வளவு கொடியவர், எத்தனை வேகமாகப் பரவுவீர்கள் என்றெல்லாம் யாரும் விசாரிக்க மாட்டார்கள். எந்த விலங்கின் மூக்கில் ஏறினீர்கள் என்று மட்டும் பார்ப்பார்கள். விலங்குகளை நாங்கள் நான்கு படிகளாக அடுக்கி வைத்திருக்கிறோம். அடுக்கி வைப்பதில் எங்களுக்குப் பல நூற்றாண்டுப் பயிற்சி உண்டு.

முதல் படியில் சிங்கம். புகழ் வேண்டுமென்றால் அக்கம்பக்கம் பார்க்காமல் நேரே வண்டலூர் போய்விடுங்கள். 1985இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அங்கேதான் இருக்கிறது. 2021 மே 26 அன்று அதன் சஃபாரி பகுதியில் ஐந்து சிங்கங்கள் சரியாகத் தீனி எடுக்கவில்லை, இருமின. ஜூன் 3 மாலை ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலா செத்துப்போயிற்று. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குப் போயிருந்தன. ஒன்பதில் கொரோனா. மரபணுவைப் படித்தபோது டெல்டா என்று தெரிந்தது. ஜூன் 16 அன்று பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் போனது.

அடேயப்பா, அந்த இரண்டு வாரம்! முதலமைச்சர் நேரில் வந்து பார்த்தார். சிங்கம் என்ன சாப்பிட்டது, என்ன மருந்து எடுத்தது என்பது மணிக்கொரு செய்தியானது. முதுமலை தெப்பக்காடு முகாமில் 28 யானைகளுக்கும் மாதிரி எடுத்து உத்தரப் பிரதேசத்து இஜ்ஜத் நகருக்கு அனுப்பினார்கள். யானைகள் ஒவ்வொன்றாகத் தும்பிக்கை நீட்டின, கேமராக்கள் ஒவ்வொன்றையும் படம் பிடித்தன. ஒரு யானைக்கும் தொற்று இல்லை.

இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். நான் கேட்பது அதற்கு முந்தைய பதின்மூன்று மாதங்களை. நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவில் நாடியா என்ற புலிக்கு மனிதரிடமிருந்து கொரோனா தொற்றியதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது 2020 ஏப்ரலில். 2021 மே முதல் வாரத்தில் ஹைதராபாத் பூங்காவில் எட்டுச் சிங்கங்களுக்கு வந்தது. வண்டலூர் சிங்கம் ரேஷன் கடை வரிசையில் நிற்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போய் மொய் எழுதுவதில்லை. மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்த அதே டெல்டா அதன் மூக்குக்கு எப்படிப் போயிருக்கும் என்று கண்டுபிடிக்க சி.பி.ஐ. விசாரணை தேவையில்லை. அந்தப் பதின்மூன்று மாதங்களில் இரவு ஒன்பது மணி விவாதங்களில் ஜோதிடர் வந்தார், நடிகர் வந்தார், கட்சிக்காரர் தினமும் வந்தார். "அடுத்து எந்த விலங்குக்கு வரும்?" என்று கேட்க ஒரு கால்நடை வைரஸ் ஆராய்ச்சியாளரைக் கூப்பிட்ட இரவு எது என்று நினைவிருப்பவர்கள் கை தூக்கலாம்.

இரண்டாம் படியில் பசு. பசு எங்களுக்குத் தாய். தாயைக் காலையில் கறந்துவிட்டு, பாலிதீன் பையோடு சேர்த்துப் பழைய சோற்றைத் தின்ன மேம்பாலத்தடியில் அவிழ்த்துவிடுவோம். தாங்கள் இங்கே கோமாரியாக வரலாம். வாயிலும் குளம்பிலும் புண் வைத்து, கறவையை நிறுத்தி, கன்றைக் கொன்று, பால்காரரின் ஆறு மாத வருமானத்தைத் துடைத்துவிட்டுப் போகலாம். தங்கள் குலத்தில் கோமாரிக்குத் தனிப் பெருமையும் உண்டு. 1898இல் லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்தபோதுதான் விலங்கைத் தாக்கும் வைரஸ் என்று ஒன்று இருப்பதே உலகுக்குத் தெரிந்தது. மனிதரைத் தாக்கும் வைரஸை அடையாளம் காண அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆயின. வைரஸ் படிப்பின் பிள்ளையார் சுழி மாட்டின் வாயில் போடப்பட்டது. இதைப் பசுவைப் பற்றி மேடையில் பேசும் எவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

பசுவின் பெருமையைச் சொன்னால் மாலை விழும். பசுவின் நோயைச் சொன்னால் "இப்போ எதுக்கு சார் அதெல்லாம்" என்பார்கள். 2020 மார்ச்சில் தலைநகர் டெல்லியில் கொரோனாவை விரட்டக் கோமிய விருந்து வைத்தார்கள். மத்திய அரசின் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக், 2021 பிப்ரவரியில் நாடு தழுவிய பசு அறிவியல் தேர்வு நடத்தப்போவதாக அறிவித்தது. மாணவர்களை ஊக்குவிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழுவும் கடிதம் எழுதியது. தேர்வுக்கான பாடப்புத்தகத்தில் நாட்டுப் பசுவின் பாலில் தங்கம் இருந்தது. 1984 போபால் விஷவாயு சாணி மெழுகிய வீடுகளில் இருந்தவர்களைத் தொடவில்லை என்றும் இருந்தது. எந்த போபால்? மூன்றரை மாதம் கழித்து நீலாவின் மாதிரியைப் படித்துச் சொல்லப்போகும் ஆய்வகம் இருக்கிற அதே போபால். அந்த ஆய்வகத்தில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு வைரஸைப் பிரிக்கிறவர்கள் இந்தப் பாடத்தைப் படித்திருந்தால் சுவருக்குச் சாணி பூசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஊர் சிரித்த பிறகு தேர்வு தள்ளிப்போயிற்று.

நாங்கள் பகுத்தறிவு மாநிலம், வடக்கே நடப்பது எங்களுக்கு ஒட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 பொங்கல் சமயத்தில் மேற்கு மாம்பலம் கோசாலை விழாவில் கோமியத்தின் கிருமிநாசினி குணத்தைப் புகழ்ந்து பேசியவர் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநர். கோமியத்தில் தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்தது 14 வகை இருப்பதாக இஜ்ஜத் நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் சொன்னது 2023இல். மாட்டைப் பற்றி மாட்டு டாக்டர் சொன்னதை யார் கேட்பது? கணினிப் பேராசிரியர் சொல்லட்டும்.

இந்தத் தாய்ப்பாசத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் தோல் கழலை நோய் நாடெங்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. ஹிசார் ஆராய்ச்சியாளர்களும் இஜ்ஜத் நகர் ஆராய்ச்சியாளர்களும் ராஞ்சியில் எடுத்த வைரஸைப் பழக்கி உருவாக்கிய தடுப்பூசிக்கு அந்த ஆகஸ்டிலேயே டெல்லியில் அறிமுக விழா நடந்தது. அதே வைரஸ் வகையில் செய்த ஊசிக்கு ஒரு நிறுவனம் உரிமம் பெற்றது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஆட்டம்மைக்குப் போடும் ஊசியை மாட்டுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். விழா எடுக்க ஒரு நாள், உரிமம் கொடுக்க இரண்டரை ஆண்டு.

மூன்றாம் படியில் ஆடும் கோழியும். சத்தமில்லாமல் வேலையை முடிக்க விரும்பும் வைரஸ்களுக்கு இந்தப் படியைத்தான் பரிந்துரைப்பேன். முடிச்சூர், படப்பை, காட்டாங்கொளத்தூர் பக்கம் மனைப்பிரிவுக் கற்களுக்கு நடுவே இன்னும் வெள்ளாடு மேய்கிறது. ஒரே வாரத்தில் பட்டி முழுவதும் காலியானாலும் எந்த அமைச்சரின் காரும் அந்தப் பக்கம் திரும்பாது. ஆட்டுக்காரம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார், மிச்சமிருப்பதை வந்த விலைக்குக் கசாப்புக்கடைக்குத் தள்ளிவிடுவார்.

ஆனால் எச்சரிக்கை. இந்தப் படியில் தங்கள் இனத்தார் பலத்த அடி வாங்கியிருக்கிறார்கள். இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய் விழுப்புரம் தாண்டினால் அரசூர் என்று ஓர் ஊர் வரும். 1987இல் அங்கே ஆடுகள் கழிந்து, மூக்கொழுகி, வாய்ப்புண் வந்து செத்தன. பார்வைக்கு மாட்டு வெக்கை மாதிரியே இருந்தது. வெக்கை என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் மூடவில்லை. வைரஸைப் பிரித்துப் பார்த்து, இது வெக்கை இல்லை, இந்தியாவில் அதுவரை பதிவாகாத ஆட்டுக்கொல்லி நோய் என்று நிறுவினார்கள். அதோடும் விடவில்லை. ஆட்டைக் கொன்ற அந்த வைரஸையே ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, பல்லைப் பிடுங்கி, ஆட்டைக் காக்கும் ஊசியாக்கினார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அந்தத் தடுப்பூசி வைரஸுக்கு அரசூர் 87 என்றே பெயர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தாம்பரத்தில் பஸ் ஏறி லட்சக்கணக்கானவர்கள் அரசூரைக் கடந்து போகிறார்கள். அந்த ஊரின் பெயர் ஒரு மருந்துக் குப்பிக்குள் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாட்டு வெக்கையின் கதை இன்னும் பெரிது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்தே ஒழித்த ஒரே நோய் அது. இந்தியாவில் அதன் கடைசிப் பதிவு 1995இல், நம் வட ஆற்காட்டில். 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பஞ்சங்களை உண்டாக்கிய, ஏர் பூட்ட மாடில்லாமல் ஊர்களைக் காலி செய்த ஒரு வைரஸை, ஐஸ் வைத்த குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்த கால்நடை மருத்துவர்களும் ஊசி போட்ட உதவியாளர்களும் கொன்றார்கள். கிரிக்கெட்டில் ஒரு கோப்பை வந்தால் மெரினாவில் திருவிழா. இதற்கு ஒரு தெருப் பெயர்கூட என் கண்ணில் பட்டதில்லை.

கோழியை மறக்கக் கூடாது. 2020 தொடக்கத்தில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப் சொன்னது, நாமக்கல் பண்ணைகள் தலையில் துண்டு போட்டுக்கொண்டன. கோழிகளுக்கென்றே வேறொரு கொரோனா வைரஸ் உண்டு என்பதும், அந்த நோய் 1931லேயே பதிவாகி, அதற்குப் பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசி இருக்கிறது என்பதும், அது மனிதருக்கு வராது என்பதும் ஒவ்வொரு கோழி டாக்டருக்கும் தெரியும். கொரோனா என்ற குடும்பத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய அந்த ஒரே கூட்டத்தைத் தவிர மற்ற எல்லாரிடமும் கருத்துக் கேட்டோம்.

நான்காம் படியில் தெருநாய். இங்கே தங்களுக்கு ராஜபோகம். ஏனென்றால் நாய் விஷயத்தில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கட்சி பிஸ்கட் போடும், ஊசிக்கு நாயைப் பிடித்துக்கொடு என்றால் "பாவம், வலிக்கும்" என்னும். இன்னொரு கட்சி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் எங்காவது விடு என்னும், அந்த எங்காவதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. நடுவில் ஊசியோடு நிற்பவரை இரண்டு கட்சியும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து ஊசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறுந்துபோகும். இது உலகமே அறிந்த கணக்கு. 1885இல் பாஸ்டர் வழி காட்டினார், 1907இல் குன்னூரில் அவர் பெயரால் நிறுவனமே வந்துவிட்டது. அதற்கப்புறமும் 2024 என்ற ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள், ரேபிஸில் 43 சாவுகள். தண்ணீரைக் கண்டு தொண்டை இழுத்து, நினைவோடு சாகிற சாவு அது. இந்த 43 பேரில் ஒருவர் சிங்கமாகப் பிறந்திருந்தால் விசாரணைக் குழு அமைத்திருப்பார்கள்.

படிகளைப் பற்றி ஒரு ரகசியமும் சொல்கிறேன், தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு நாய்க்குரிய டிஸ்டெம்பர் வைரஸால் செத்தது. சுற்றியிருந்த கிராமத்து நாய்களைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கைகாட்டினார்கள். 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் அதே வைரஸ் சிக்கியது. அமெரிக்காவிலிருந்து அவசரமாக ஊசி வரவழைத்தார்கள். நான்காம் படி நாயிலிருந்து முதல் படிச் சிங்கத்துக்கு ஒரே தாவல். வேலியோரத்து நாயின் நோயைப் பார்க்காமல் சிங்கத்தை மட்டும் காத்துவிட முடியாது. படி கட்டியவர்கள் நாங்கள், அதை மதிக்காதவர்கள் தாங்கள்.

சரி, தங்களுக்கு இந்த ஊரில் எதிரியே இல்லையா என்றால், ஒருவர் இருக்கிறார். செத்த ஆட்டின் மண்ணீரலையும், இருமும் மாட்டின் மூக்குச்சளியையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போகிற விலங்கு வைரஸ் ஆராய்ச்சியாளர். தங்கள் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, எங்கிருந்து வந்தீர்கள், எங்கே போகப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர். ஆனால் தாங்கள் கவலைப்பட வேண்டாம். அவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

முதலில் கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்வோம். "தம்பி டாக்டராமே?" "ஆமா மாமா. கால்நடை." "ஓ, மாட்டு டாக்டரா! பரவாயில்ல, பரவாயில்ல. நீட்டுல மார்க் பத்தலியாக்கும்?" மாமா அதற்குள் பந்திக்கு எழுந்துவிடுவார். அங்கே பரிமாறும் பாலும் முட்டையும் கறியும் யாருடைய தயவில் நோயில்லாமல் இலைக்கு வந்தன என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு அலுவலகத்தில். வைரஸை அடையாளம் காண வேண்டிய வேதிப்பொருளுக்குக் குறைந்த விலைப்புள்ளி கேட்போம். நோய் மே மாதம் வந்தால் பணம் மார்ச் 30 அன்று வரும். 31க்குள் செலவழித்துக் கணக்குச் சான்று கொடுக்கச் சொல்வோம். மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டி வாங்கித் தருவோம், கரண்ட் போனால் அதைத் தாங்கும் ஜெனரேட்டருக்கு வேறொரு தலைப்பில் விண்ணப்பிக்கச் சொல்வோம். உடன் வேலை செய்யும் இளைஞர்களை மூன்றாண்டுத் திட்டத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எடுப்போம். அவர்கள் கை தேறும் நேரத்தில் திட்டம் முடியும். ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் மருத்துவ பில்களுக்குக் குறியீடு போடப் போவார், இன்னொருவர் நீட் பயிற்சி மையத்தில் விலங்கியல் நடத்தப் போவார். தங்களுக்கு மட்டும் திட்டக் காலம் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, தணிக்கை ஆட்சேபம் கிடையாது.

கொஞ்சம் சங்கடமான ஓர் உண்மையும் உண்டு. 2020இல் மனிதர்களின் தொண்டைச் சளியைச் சோதிக்க இடம் போதாமல் நாடு தவித்தபோது, போபால், இஜ்ஜத் நகர் போன்ற கால்நடை ஆய்வகங்களிலும் சோதனை நடந்தது. மாட்டு டாக்டரின் இயந்திரத்தில் மனிதரின் சளி! மாமாவுக்கு இது இன்னும் தெரியாது.

போதும். வைரஸோடு பேசி என்ன ஆகப்போகிறது? அதற்கு மூளை இல்லை என்ற நியாயமாவது இருக்கிறது. நமக்கு?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் இறங்கி ஏறுகிறோம். 1928இல் காசநோய்க்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை, தொண்ணூறுகளில் வேறெங்கும் சேர்த்துக்கொள்ளாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் படுக்கை கொடுத்தது. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இதே சென்னையில், 1986இல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அந்த வைரஸின் பூர்வீகம் எது? மத்திய ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சி. கேமரூன் காட்டில் ஒரு விலங்கின் ரத்தத்தில் இருந்தது, பல பத்தாண்டுகள் கழித்துத் தாம்பரத்தில் வார்டு வார்டாகப் படுத்துக் கிடந்தது. விலங்கின் நோய் விலங்கோடு போய்விடும் என்று நம்ப வேறு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் உரிமை இருக்கலாம், தாம்பரத்துக்கு இல்லை.

ஆகவே ஆட்சியில் இருப்பவர்களையும், இருக்கப்போகிறவர்களையும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நம்மையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆட்டுக்கு வரும்போதே பாருங்கள், மாமா வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். நாய்களுக்கு ஊசி போடுவதை, கடித்த செய்தி வந்த வாரத்தின் புகைப்பட நிகழ்ச்சியாக நடத்தாமல் ஆண்டுதோறும் எண்ணிக் கணக்குக் காட்டுங்கள். ஆய்வகத்தில் கை தேறிய இளைஞர்களுக்கு நிரந்தர வேலை கொடுங்கள். சந்தையிலும் பட்டியிலும் கொட்டிலிலும் எந்த வைரஸ் சுற்றுகிறது என்ற அறிக்கையை மழை அறிவிப்பு மாதிரி ஊருக்குச் சொல்லுங்கள். பசுவுக்கு எடுக்கும் ஆரத்தியில் ஒரு தட்டைக் குறைத்து அந்தக் காசில் பசுவுக்கு ஊசி வாங்குங்கள். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அரசூரிலும் வட ஆற்காட்டிலும் செய்து காட்டியாகிவிட்டது.

செய்ய மாட்டோம் என்றால் அதுவும் சரி. அடுத்த தொற்று வந்து, மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நிற்கும்போது, யாரோ ஒருவர் ஒலிபெருக்கியின் முன் வந்து "இது யாரும் எதிர்பாராத பேரிடர்" என்று தழுதழுப்பார். அவரை முழுதாகப் பேசவிட்டு, முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதிர்பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கடைசியாக எப்போது ஐயா பேசினீர்கள்?